திங்கள் காட்டும் கோள்கள்

சைவ வித்தியாசாலைகளிற் காலைப் பிரார்த்தனையிலே கோளறு பதிகம் ஓதப்படும் வழக்கத்தை ஆசிரியர்கள் யாவரும் அறிவர். ஞாயிறு முதற் சனி ஈறாக வாரநாட்களின் வரிசையில் ஏழு கோள்களையும், அவற்றின்பின் பாம்பிரண்டையும் பிள்ளைகள் பிழையறச் சொல்லுகின்றார்கள். ஆயினும், அங்ஙனம் ஓதிய பிள்ளைகளுள் ஒருவரை அன்று மாலை முற்றத்துக்கு அழைத்து, "இவற்றுள் வியாழன் எது? சனி எது? காட்டுக" என்று கேட்பின் அப்பிள்ளை விழிக்கும். பிள்ளையை விட்டு ஆசிரியரைக் கேட்பின், அவரும் அண்ணாந்து நோக்கிச் சிறிது நேரம் நின்று, பனி விழுகின்றது, உள்ளே போவோம் என்பர். பிறரைக் குறைகூறும் பொருட்டு இதனை எழுதுகின்றோமல்லோம். யாமே அவ்வாசிரியருள் ஒருவராய் முப்பது ஆண்டு கழித்தோம்.

யாம் இளமையிற் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே கோள்களின் பெயர்களை ஆங்கிலத்திலும், ஞாயிற்றிலிருந்து ஒவ்வொன்றின் தூரத்தை மைல் கணக்கிலும் மனனம் செய்தோம். வீட்டிலோ நவக்கிரகம் சுற்றி எள் விளக்கு ஏற்றினோம். இவ்விரண்டு கல்வியும் ஒரே வானத்தைப் பற்றியன என்பது நெடுங்காலம் எம் சிந்தையில் உறைக்கவில்லை. கொட்டகலையைச் சூழ்ந்த தோட்டங்களுள் ஒன்றிலே ஆசிரியராய் அமர்ந்தபின்னும், கோள்கள் எமக்குச் சுவரில் தொங்கிய படத்திலும் பஞ்சாங்கத்தின் கட்டங்களிலுமே இருந்தன.

2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், அதாவது டிசம்பர் முதல் வாரத்தில், மழை விட்டிருந்த ஒரு மாலைப்பொழுது தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலிற் பிள்ளைகள் கூடியிருந்தனர். ஒரு பையன் சனி எங்கே என்று கேட்டான். தெற்கே, பாதி வானத்துக்குச் சற்று மேலே, தனியாக ஒரு ஒளி நின்றது. அருகில் வேறு பெரிய மீன் யாதும் இல்லை. சனி இப்பொழுது மாலை வானத்தில் உள்ளான் என்று மட்டும் பத்திரிகையிற் படித்திருந்தோம். ஆதலின் அதனையே சுட்டிக் காட்டி, "அதோ சனீசுவரன்" என்றோம். பிள்ளைகள் சிலர் கன்னத்திற் போட்டுக்கொண்டனர்.

மூன்று நாள் கழிந்து 8ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போது பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எம்மை நிறுத்தினாள். அவள் சொல்லியதை அவள் மொழியிலேயே தருகின்றோம்: "சேர், நீங்க காட்டுன சனிகிட்ட நிலா வரவே இல்லியே. நிலாகிட்ட வேற ஒன்னு நிக்குது." அண்ணாந்து நோக்கினோம். உச்சிக்கு அருகே அரைத்திங்கள் நின்றது. அதனை ஒட்டினாற்போல் இரண்டு பாகை இடைவெளியில், மஞ்சள் தோய்ந்த ஒரு ஒளி மின்னாது நின்றது. யாம் காட்டிய மீனோ அதற்கு இரண்டு முட்டி தெற்கே, எவ்விதத் தொடர்புமின்றி இமைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தைப் பார்த்தோம். அன்று திங்களும் கும்பத்தில், சனியும் கும்பத்தில். யாம் சனீசுவரன் என்று காட்டியது தென்மீன் என்னும் மண்டலத்துப் பொமல்ஹோட் என்ற விண்மீன் என்பதைப் பிறகு வரைபடம் பார்த்து அறிந்தோம். பிள்ளைகள் கன்னத்திற் போட்டுக்கொண்டது ஒரு விண்மீனுக்கு. மறுநாள் வகுப்பில் எம் பிழையை எடுத்துச் சொன்னோம். சொல்லுதற்குச் சிறிது நாணமாகத்தான் இருந்தது.

அம்மாணவிக்கு வானநூற் பயிற்சி யாதும் இல்லை. திங்கள் கோளிடத்தே வரும் என்ற ஒரு எண்ணத்தை மட்டும், பாட்டியின் வாயிலாகவோ பஞ்சாங்கம் படிக்கக் கேட்டோ, எங்கிருந்தோ பெற்றிருந்தாள். அவ்வெண்ணமே கோள் நோக்குதற்கு முதற் படியாம். அதன் காரணத்தை ஆசிரியர்கள் நன்கு விளங்கிக்கொள்வது நலம்.

அட்டனிலிருந்து வரும் புகைவண்டி கொட்டகலையைக் கடந்து தலவாக்கலைக்குப் போகும்போது மலையைச் சுற்றும், பள்ளத்தைத் தாண்டும், சுரங்கத்துட் புகும். எங்கே போயினும் தண்டவாளத்தை விட்டு விலகுவதில்லை. வானத்திலும் அத்தகைய வழி ஒன்று உண்டு. ஞாயிறு ஓராண்டில் விண்மீன்களினூடே சென்று மீளுவதாகத் தோன்றும் வழியே அது. மேடம் முதல் மீனம் ஈறாகப் பன்னிரண்டு இராசிகளும் அவ்வழியில் அமைந்தன. பூமியும் ஏனைக் கோள்களும் ஏறத்தாழ ஒரே தட்டிற் கிடந்து ஞாயிற்றைச் சுற்றுதலின், பூமியிலிருந்து நோக்கும் நமக்கு அவை யாவும் அவ்வழியை ஒட்டியே தோன்றுகின்றன. திங்களின் வழி மட்டும் இதனோடு ஐந்து பாகை சாய்ந்தது. ஆகவே திங்கள் அவ்வீதியின் வடபுறம் ஐந்து பாகைக்கும் தென்புறம் ஐந்து பாகைக்கும் இடையிலே எப்பொழுதும் நடக்கும். பொமல்ஹோட் அவ்வீதிக்கு 21 பாகை தெற்கே உள்ளது. திங்கள் அங்கே ஒருபோதும் செல்லாது, கோளும் செல்லாது. எம் பிழையைக் கண்டுபிடிக்க அம்மாணவிக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

திங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 13 பாகை கிழக்கே நகரும். 27 நட்சத்திரங்களாக வீதியைப் பகுத்த நம் முன்னோர் ஒரு நட்சத்திரத்துக்கு 13 பாகை 20 கலை கொடுத்தது இந்நடையை அளந்தே. திங்களின் அகலம் அரைப் பாகை. ஒரு மணி நேரத்தில் அது தன் அகலத்தளவு நகருகின்றது. ஆதலின் 27 நாட்களுக்குச் சற்று மேற்பட்ட ஒரு சுற்றில் ஒவ்வொரு கோளையும் ஒருமுறை அணுகியே தீரும். ஞாயிற்றின் ஒளியில் மறைந்த கோள்களை மட்டும் நாம் காணமாட்டோம். எனவே ஒரு கோளை அறியவேண்டுமாயின் வரைபடம் தேடி அலையவேண்டுவதில்லை. அக்கோள் எந்த இராசியில் உள்ளது என்று பஞ்சாங்கத்திற் பார்த்துக்கொண்டு, திங்கள் அவ்விராசிக்கு வரும் நாள்வரை பொறுத்திருந்தாற் போதும். ஒரு இராசியில் அது இரண்டேகால் நாள் தங்கும். அந்நாட்களில் அதன் அருகே இமைக்காமல் நிற்கும் ஒளியை நோக்குக.

அளப்பதற்குக் கை போதும். கையை முழுவதும் நீட்டிப் பிடித்தால் சிறுவிரலின் அகலம் ஒரு பாகை, நடு மூன்று விரலும் சேர்ந்து ஐந்து பாகை, மூடிய முட்டி பத்துப் பாகை. சிறு பிள்ளையின் கை சிறிதாயினும் புயமும் குறுகியதாதலின் கணக்கு ஏறத்தாழ ஒத்தே வரும். இதைப் பிள்ளைகள் மிக விரும்புகின்றனர். எம் வகுப்பிலே ஒரு வாரம் எல்லாப் பொருளும் முட்டியால் அளக்கப்பட்டது, தலைமை ஆசிரியர் உட்பட.

ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். ஆங்கிலப் பத்திரிகைகளில் வரும் இராசிபலன் கட்டங்களைக் கொண்டு வானத்தை நோக்கப் புகுவார் ஏமாறுவர். மேனாட்டார் மேடத்தின் தொடக்கத்தை விண்மீன்களோடு பொருத்தாமல், வசந்தகாலத்துச் சமவிராப் புள்ளியோடு பொருத்துகின்றனர். அப்புள்ளி மெல்ல மெல்லப் பின்வாங்குதலின் இக்காலத்தில் இரு கணக்குக்கும் ஏறத்தாழ 24 பாகை வேறுபாடு உண்டு. அஃது ஒரு இராசிக்குச் சிறிதே குறைவு. விண்மீன்களோடு கூடிய நம் பஞ்சாங்கமே கண்ணுக்கு உதவுவது. நம் பஞ்சாங்கங்களுள்ளும் வாக்கியம் திருக்கணிதம் என இரு வகை உண்டு என்பதை ஆசிரியர் அறிவர். திங்களின் நிலையில் அவை மிகுதியாக மாறுபடுவதில்லை. சனியிலோ மாறுபாடு பெரிது: சனி கும்பத்தை விட்டு மீனம் புகுந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் 6. விரதமும் விழாவும் எதன்படி கொள்வது என்பது கோயிலாரும் குடும்பத்தாரும் தீர்மானிப்பது. வானத்திற் சனியைத் தேடும் ஆசிரியர் திருக்கணிதத்தைக் கையிற் கொள்வாராக.

வாக்கியம் என்றவுடன் ஒரு வரலாறு நினைவுக்கு வருகின்றது. 1825ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திரகிரகணத்தைக் கணிக்குமாறு, புதுச்சேரியிலே ஜோன் வாரன் என்னும் ஐரோப்பியர் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கேட்டார். கணிதர் எழுதுகோல் எடுக்கவில்லை. தரையிற் சோகிகளைப் பரப்பி, வாய்பாடுகளை நினைவிலிருந்தே சொல்லிச் சொல்லிச் சோகிகளை நகர்த்தி விடை கூறினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை. ஏடும் எழுத்தும் இன்றி இவ்வளவு நெருங்கியதை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பு மிகுகின்றது. ஆயினும் வாரன் எழுதியது இன்னொன்றும் உண்டு: அக்கணிதர் தாம் செய்யும் கணக்கின் காரணத்தை அறியார், நினைவாற்றல் ஒன்றே உடையார் என்பது. இதனை முதலிற் படித்தபோது எமக்குச் சினம் வந்தது. பின்னர்க் கார்த்திகை மாதத்தில் யாம் காட்டிய சனியை எண்ணிச் சினம் தணிந்தோம். அவராவது கணக்கைச் சரியாகச் செய்தார்.

மிஷன் பாடசாலையிற் கற்ற யாம் ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராயிருந்த ஹோய்சிங்டன் என்னும் அமெரிக்க மிஷனரி, தமிழர் வானகணிதத்தை ஆங்கிலத்தில் விளக்கி 1848இல் யாழ்ப்பாணத்தில் ஒரு நூல் அச்சிட்டார். அவர் நோக்கம் யாதாயினும் ஆகுக. நம் கணிதத்தை அவர் அமர்ந்து படித்தார். நாம் அவர்கள் கணிதத்தையும் முழுதும் படிக்கவில்லை, நம்முடையதையும் முழுதும் படிக்கவில்லை.

இனி, 2025 ஜனவரியில் யாம் நடத்திய பாடத்தைக் கூறுவோம். மலைநாட்டில் வைகாசி முதற் புரட்டாசி வரை மாலைதோறும் மூடுபனியும் மழையுமாதலின் வானம் நோக்குவது வீண். தை, மாசி, பங்குனி மாதங்களே உற்றவை. குளிர் கடுமையாயினும் வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். கடல்மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேலே வாழும் நமக்குக் கொழும்பு மாணவர்க்கு இல்லாத ஒரு செல்வம் இது. அந்த ஜனவரியில் வெள்ளி, சனி, வியாழன், செவ்வாய் நான்கும் மாலை வானத்தில் ஒருங்கே இருந்தன. பெரட்டுக்களம் திறந்த வெளியாதலின் அங்கேயே கூடினோம்.

3ஆந் தேதி மாலை மேற்கே இளம்பிறையும் வெள்ளியும் இரு விரல் இடைவெளிக்குள் நின்றன. வெள்ளியை ஒருவர்க்கும் காட்டவேண்டியதில்லை. ஆயினும் அது விடிவெள்ளியாகவும் மாலைவெள்ளியாகவும் வரும் ஒரே கோள் என்பதையும், ஞாயிற்றைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகாது என்பதையும் அங்கே நின்றே முட்டியால் அளந்து காட்டினோம். மறுநாள் 4ஆந் தேதி பிறை மேலே ஏறிச் சனிக்குச் சற்றுக் கீழே நின்றது. முன்பு பிழையாகக் கண்ட சனியை இப்பொழுது பிள்ளைகள் தாமே காட்டினர். 10ஆந் தேதி திங்கள் கார்த்திகைக் கூட்டத்துக்கும் வியாழனுக்கும் இடையே வந்தது. அருகே செந்நிறத்து ரோகிணி. வியாழனை இரட்டைக்குழற் கண்ணாடியால் நோக்கியவர்க்கு, 1610இற் கலிலியோ கண்ட நான்கு துணைத்திங்களும் ஒரு நூலிற் கோத்தாற்போல் தோன்றின. தைப்பொங்கலாகிய 14ஆந் தேதி இரவு, தேயிலை மலையின் மேலே முழுமதி எழுந்தபோது, அதற்கு மூன்று விரல் மேலே செவ்வாய் தணலாய் நின்றது. அதற்கு இரண்டு நாள் முன்னரே செவ்வாய் பூமிக்கு மிக அணித்தாக, ஒன்பது கோடியே அறுபது இலட்சம் கிலோமீற்றர் அளவில் வந்திருந்தது. இத்தகைய அணுக்கம் ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை வாய்ப்பது. பொங்கற் பானையை விட்டுவிட்டுத் தாய்மார் சிலரும் வந்து பார்த்தனர்.

புதனைக் காட்ட இயலவில்லை. அது ஞாயிற்றைவிட்டு 28 பாகைக்கு மேல் விலகாதது. நம்மைச் சூழ்ந்த மலைகளோ அடிவானத்திற் பத்துப் பாகையை விழுங்கிவிடுகின்றன. மேற்குப்புறம் திறந்த மேட்டில் உள்ள பாடசாலையார் முயன்று பார்க்கலாம். அத்தகைய சில மேடுகளிலிருந்து பருவகாலத்திற் சிவனொளிபாதமலை விளக்குகள் தென்மேற்கே தெரியும். அவற்றை விண்மீன் என்று பிள்ளைகள் மயங்காமற் பார்த்துக்கொள்க.

பாம்பிரண்டும் எங்கே என்று பிள்ளைகள் கேட்பர், கேட்டனர். அவை காணத்தக்க உருவம் அல்ல. திங்களின் சாய்ந்த வழி ஞாயிற்றின் வழியை வெட்டும் இரு புள்ளிகளே இராகுவும் கேதுவும். அவை எதிரெதிரே நின்று 18 ஆண்டு 7 மாதத்தில் வீதியைப் பின்னோக்கிச் சுற்றி வருகின்றன. கரும்பலகையில் இரண்டு வளையம் வரைவதைவிட, இரண்டு வளையல்களை ஒன்றனுள் ஒன்று சாய்த்துப் பிடித்துக் காட்டுவது நன்று. பாம்பின் இடம் அறிந்தால் இன்னொன்றும் விளங்கும். திங்கள் மாதந்தோறும் ஒவ்வொரு கோளையும் அணுகினும், அதனை மறைப்பது சில காலங்களிலேயே. பாம்பு ஒரு கோளின் அணித்தே வரும்போது திங்கள் அங்கே வீதியின் நடுவிற் செல்லுதலின் மறைப்பு நிகழும். ஏனைக் காலத்தில் மேலாகவோ கீழாகவோ விலகிப் போகும். 2023 மார்ச் 24 மாலை வெள்ளி பிறையின் பின்னே மறைந்து வெளிப்பட்டு அதன் அடியிலே தொங்கியதை இந்தியாவிலும் இலங்கையிலும் பல்லாயிரவர் கண்டனர். 2024 ஜூலை 24 நள்ளிரவை அடுத்துச் சனி மறைந்தது. அதனைக் காணக் குடையோடு ஒரு மணிவரை விழித்திருந்து முகில் கண்டு மீண்டோம்.

பிறையின் கிடையைப் பற்றியும் ஒரு சொல். எம் இளமைக்காலத்து ஆங்கில வாசகத்திற் பிறை வில்லை நிறுத்தினாற்போல் நின்றது. அவ்வாறே வரைந்து யாமும் மதிப்பெண் பெற்றோம். அது வடநாட்டார் காணும் பிறை. வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் வாழும் நமக்குப் பிறை தோணிபோற் கிடக்கும். நம் கிழவர்கள் மூன்றாம் பிறையில் வடகோடு உயர்ந்ததா தென்கோடு உயர்ந்ததா என்று நோக்கி விளைச்சலைப் பற்றிப் பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒளிவிளிம்பு எப்பொழுதும் ஞாயிறு மறைந்த இடத்தையே நோக்கும். ஞாயிற்றின் வீதி மாலைவேளையில் தை முதற் சித்திரை வரை வடபால் சாய்ந்து எழுதலின் அப்பொழுது தென்கோடு உயரும். ஆனி முதற் கார்த்திகை வரை தென்பால் சாய்தலின் வடகோடு உயரும். மார்கழியிலும் வைகாசித் தொடக்கத்திலும் இரண்டும் ஏறக்குறையச் சமம். திங்களின் வழியிலுள்ள ஐந்து பாகைச் சாய்வினால் இது சில மாதம் முன்பின்னாகத் தோன்றுவதும் உண்டு. பிள்ளைகளை ஓராண்டு மாதந்தோறும் மூன்றாம் பிறையை வரைந்துவரச் செய்க. அக்குறிப்பேட்டைக் கிழவரிடம் கொண்டுபோய்க் காட்டட்டும். அவர்கள் மகிழ்வதையே யாம் கண்டோம்.

சனியை முதலிற் சரியாகக் கண்ட மாணவியைப் பற்றி எஞ்சியது உண்டு. அவள் கும்பராசிக்காரி. ஏழரைச் சனி நடக்கின்றது, ஆதலின் 2025 மார்ச்சில் வரும் சாதாரணதரப் பரீட்சைக்கு அவள் தோற்றுவது வீண், கொழும்பில் ஒரு கடையில் வேலை இருக்கின்றது என்று வீட்டிற் பேச்சு நடந்ததை யாம் ஜனவரியிலேதான் அறிந்தோம். அவள் எம்மிடம் பரீட்சையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஏழரை என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். சனி வீதியை ஒருமுறை சுற்ற இருபத்தொன்பதரை ஆண்டு. பன்னிரண்டால் வகுத்தால் ஒரு இராசிக்கு ஏறத்தாழ இரண்டரை. தன் இராசியும் முன்னும் பின்னுமாக மூன்று இராசி, மூவிரண்டரை ஏழரை. அவள் அதனைக் கொப்பியில் எழுதி, வகுத்துச் சரி பார்த்து, "அப்ப உலகத்துல நாலுல ஒருத்தருக்கு எப்பவும் ஏழரைதானே சேர்" என்றாள். பன்னிரண்டில் மூன்று, கணக்குப் பிழையில்லை.

அந்த வாரம் நண்பர் ஒருவரிடம் சிறு தூரதிருஷ்டிக் கண்ணாடி இரவல் பெற்றுப் பெரட்டுக்களத்தில் நிறுத்தினோம். அவள் தாயும் வந்திருந்தார். 2025 மார்ச்சிற் சனியின் வளையம் பூமிக்கு விளிம்பு காட்டும் காலம் நெருங்கியிருந்தமையால், படங்களிற் காணும் அகன்ற வளையம் அன்று தோன்றவில்லை. சிறு மணி ஒன்றை ஊசியாற் குறுக்கே குத்தினாற்போல் இருந்தது. தாய் நெடுநேரம் கண்ணெடாமற் பார்த்தார். பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா, அழகா இருக்கே" என்றார். மார்ச் மாதம் அவள் பரீட்சை எழுதினாள். தாய் மனம் மாறியது கண்ணாடியாலா, வேறு காரணத்தாலா என்று யாம் கேட்கவில்லை.

ஜனவரி 18ஆந் தேதி மாலை திங்கள் இல்லை. இரவு பத்து மணியளவிலேதான் எழுவது. ஆதலின் பாடம் இல்லை என்று சொல்லியிருந்தோம். ஆயினும் வீட்டு வாசலிற் குரல் கேட்டு வெளியே வந்தபோது, அவள் தன் தம்பி தங்கையரோடு நின்று மேற்கே கைநீட்டி விரலால் அளந்துகொண்டிருந்தாள். வெள்ளியும், அதற்கு இரு விரல் இடைவெளியிற் சனியும். "இன்னைக்கு நிலா வேணாம் சேர்" என்றாள்.